இல்லத்தில் இசைப்பதிவு

கவிஞனுடைய சொல் ஓலையிலே நின்றது. சிற்பியினுடைய எண்ணம் கல்லிலே நின்றது. பாடகனுடைய குரலுக்கு மட்டும் நெடுங்காலம் நிற்க இடமில்லாதிருந்தது. பாடிய கணத்திலேயே அது காற்றோடு கலந்து மறைந்தது. அக்குறையை முதன்முதலாக நீக்கியது, 1877ஆம் ஆண்டில் எடிசன் அமைத்த போனோகிராப் கருவி. 1902ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அந்நாளில் ஒலிவாங்கி பதிவுத் தொழிலுக்கு வந்திருக்கவில்லை. பாடுவோர் ஒரு பெரிய கொம்புக் குழலின் வாயருகே நின்று உரத்துப் பாடவேண்டும். பாட்டும் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். 1925ஆம் ஆண்டில்தான் மின்சார முறையில் ஒலியைப் பதியும் வழக்கம் தோன்றியது.

அதன் பின்னரும் ஒலிப்பதிவு என்பது பெருஞ்செல்வம் படைத்த நிறுவனங்களின் கலையாகவே இருந்துவந்தது. அதனை வீட்டுக்குள் கொணர்ந்தவர்களுள் அமெரிக்கக் கிட்டார்க் கலைஞரான லெஸ் பால் குறிப்பிடத்தக்கவர். அவர் தம் வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையில், தாம் ஒருவரே வாசித்த பல கிட்டார்ப் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, 1948ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். 1979ஆம் ஆண்டில் டாஸ்கம் நிறுவனத்தின் 'போர்ட்டாஸ்டூடியோ' என்னும் நான்கு தடக் கேசட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. அத்தகைய கருவி ஒன்றைக் கொண்டு, 1982ஆம் ஆண்டு ஜனவரியில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் பாடகர் நியூ ஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டிலே சில பாடல்களை மாதிரிக்காகப் பதிந்துவைத்தார். பின்னர் அவற்றைத் தம் இசைக்குழுவினருடன் பதிவுக்கூடத்தில் மீண்டும் பாடிப் பதிந்து பார்த்தார். கேசட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. ஆகவே அந்தக் கேசட்டில் இருந்தவையே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக அவ்வாண்டிலேயே வெளிவந்தன. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த பில்லி ஐலிஷின் முதல் முழுநீள இசைத்தொகுப்பும், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அவருடைய பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் பெரும்பாலும் உருவானதே. அடுத்த ஆண்டில் அது கிராமி விருதைப் பெற்றது.

முன்னாளில் ஒரு கட்டடத்தை நிறைத்த வசதி இன்று ஒரு மாணவனுடைய மேசையில் அடங்கிவிடுகிறது. ஆனால் இவ்வெளிமையோடு இரண்டு இடர்களும் வந்துள்ளன. விளம்பரத்தை நம்பி, தேவையற்ற கருவியைத் தேவையெனக் கருதி வாங்கிப் பொருளிழத்தல் ஒன்று. குடும்பத்தின் ஒரு மாத வருவாயை ஒரு கருவியில் இட்டுவிட்டு, பதிவு ஏன் நன்றாக அமையவில்லை என்று விழிக்கும் இளைஞர் பலர். மற்றோர் இடர் இதனினும் பெரிது. ஊரிலே ஒரு முதியவள் பாடும் தாலாட்டையோ நடவுப் பாட்டையோ ஒரு மாணவி பதியச் செல்கிறாள் என்று கொள்வோம். அம்மூதாட்டி அதனை மற்றொரு நாள் பாடுவாள் என்பதற்கு உறுதி ஏது? பதிவு பழுதானால் பாட்டே போயிற்று என்றுதான் பொருள். ஆகவே, எதை வாங்குவது, எதை வாங்காதிருப்பது, பழுது நேர்ந்தால் எங்ஙனம் கண்டுபிடிப்பது என்னும் மூன்றினையும் தெரிந்துகொள்வது பயனுடையதாகும்.

ஒலி செல்லும் வழி

முதலில் ஒலி செல்லும் வழியை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பாடகரின் குரல் அறையிலுள்ள காற்றை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வை ஒலிவாங்கி, அதாவது மைக், மின்னோட்டமாக மாற்றுகிறது. அம்மின்னோட்டம் மிக மெலிந்தது. அதனை ஒரு பெருக்கி வலுப்படுத்துகிறது. வலுப்பெற்ற மின்னலையை மற்றொரு கருவி எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்களைக் கணினி வாங்கிச் சேமிக்கிறது. பின்னர் எண்கள் மீண்டும் மின்னலையாகி, ஹெட்போன் வழியாக நம் செவியை அடைகின்றன. அறை, மைக், பெருக்கி, எண்மாற்றி, கணினி, மென்பொருள், ஹெட்போன் என்னும் இவை ஒரு சங்கிலியின் கண்ணிகள். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. ஒரு கண்ணியை மட்டும் பொன்னால் செய்துவிட்டு, அடுத்த கண்ணியை நூலால் முடிந்துவைப்பதில் பயனில்லை.

அறையே முதற் கருவி

இச்சங்கிலியின் முதற்கண்ணி கடையில் கிடைப்பதன்று. அது நாம் பாடும் அறை. வெறுஞ் சுவர்களும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலியைத் தொடர்ந்து சலசலப்பு ஒன்று கேட்குமாயின், அச்சலசலப்பு ஒவ்வொரு சுரத்தின் மீதும் படியும். எத்துணை விலையுயர்ந்த மைக்கும் அதனை நீக்காது. மாறாக, நுட்பமான மைக் அதனை இன்னும் தெளிவாகப் பிடித்துக் காட்டும்.

இதற்கு மருந்து எளியது. தடித்த மெத்தை, கம்பளம், போர்வை, துணிகள் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை எதிரொலியை உறிஞ்சும். பாடுபவருக்குப் பின்னாலும் பக்கங்களிலும் அவற்றை அமைத்தல் நலம். முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுவது பலர் கையாளும் முறை. அவ்வட்டைகள் மிக மெல்லியவை ஆதலின் ஒலியை உறிஞ்சும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. எளிதில் தீப்பற்றவும் கூடும். அறையின் மூலையில் அமர்ந்து பாடுவதையும் தவிர்க்க வேண்டும். தாழ்ந்த சுருதியுடைய ஒலிகள் மூலைகளில் குவிந்து, குரலைக் குடத்துக்குள் பாடியதுபோல் ஆக்கிவிடும்.

வெளியோசையைத் தடுப்பது இதனினும் கடினம். போர்வையும் கம்பளமும் அறைக்குள் பிறக்கும் எதிரொலியை அடக்குமேயன்றி, தெருவிலிருந்து வரும் பேருந்தின் ஓசையைத் தடுக்கமாட்டா. அதற்குக் கனமான சுவர் வேண்டும். நம்மால் இயன்றது நேரத்தைத் தேர்ந்துகொள்வதே. ஊர் அடங்கிய பின்னிரவோ, காக்கை கரையும் முன்னுள்ள வைகறையோ தக்க நேரம். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் அந்நேரத்தில் நிறுத்திவைக்க வேண்டும். பதிவு முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டியை மறவாமல் இயக்கிவிடவும் வேண்டும்.

மைக் இருவகை

வீட்டுப் பதிவுக்கு ஏற்ற மைக்குகளை இருவகையாகப் பிரிக்கலாம். டைனமிக் மைக் என்பதில் மெல்லிய தகடு ஒன்றோடு சிறு கம்பிச்சுருள் இணைந்திருக்கும். ஒலி பட்டுத் தகடு அதிரும்போது சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. பள்ளியில் நீங்கள் கற்ற மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. இவ்வகை மைக் உறுதியானது. உரத்த ஒலியைத் தாங்கும். தொலைவிலுள்ள சிற்றொலிகளை அவ்வளவாகப் பிடிக்காது. ஷூர் நிறுவனம் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்எம்57 என்பது இவ்வகையைச் சார்ந்தது. 'நெப்ராஸ்கா' பாடல்களைப் பதிந்தது அவ்வகை மைக்கே.

கண்டென்சர் மைக் என்பதில் மின்னேற்றம் பெற்ற மெல்லிய படலமும் அதனை ஒட்டி ஒரு தகடும் இருக்கும். படலம் அதிரும்போது இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் மாறி, மின்தேக்கு திறனும் மாறுகிறது. அம்மாற்றமே ஒலியின் மின்வடிவம். இம்மைக் நுண்ணிய ஒலிகளையும் விடாது பற்றும். ஆனால் இது தொழிற்பட வெளியிலிருந்து மின்னழுத்தம் வேண்டும். பதிவுக்கூட வகையினுக்கு, மைக் கம்பியின் வழியாகவே 48 வோல்ட் அனுப்பப்படுகிறது. அதனைப் 'பாண்டம் பவர்' என்பர்.

எதனை வாங்குவது? அமைதியான, எதிரொலி அடங்கிய அறை வாய்த்தவர்க்குக் கண்டென்சர் மைக் வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் மிகவும் ஏற்றது. வீணைத் தந்தியின் நுண்ணிய கார்வை அதிலே முழுமையாகப் பதியும். தெருவோரத்து வீட்டில், கூடத்தில் பலர் நடமாட, பதிய வேண்டியவர்க்கு டைனமிக் மைக்கே துணை. நாகசுரம் போன்ற உரத்த கருவியைப் பதிவதற்கும் அது பொருந்தும். ஆகவே, 'எது சிறந்தது?' என்று கேட்பது பொருளற்றது. 'என் அறைக்கும் என் இசைக்கும் எது பொருந்தும்?' என்று கேட்பதே முறை.

மைக்கை வைக்கும் இடம், மைக்கின் விலையினும் மிகுந்த பயன் தருவது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். அறையின் எதிரொலியோ பெரும்பாலும் அவ்வாறே இருக்கும். எனவே நெருங்கிப் பாடினால் அறையின் குறை மறைகிறது. ஆயினும் மிக நெருங்கினால் பெரும்பாலான மைக்குகளில் கீழ்ச்சுரங்கள் மிகைப்பட்டு ஒலிக்கும். 'ப' போன்ற எழுத்துகளின் மூச்சு படலத்தில் மோதி வெடிப்பொலியை உண்டாக்கும். வாய்ப்பாட்டுக்கு ஒரு சாண் தூரமும், வாய்க்கு நேராக அல்லாமல் சற்றே சாய்ந்த நிலையும் தொடக்கத்துக்கு ஏற்றவை. மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்னும் இரு முகங்கள் உண்டு. ஒரே மைக் இருப்பின், ஒரு முகத்தருகே வைக்காமல், இரண்டும் சமமாகக் கேட்குமாறு முன்புறத்தில் இரண்டு மூன்று அடி தள்ளி வைக்க வேண்டும்.

இன்டர்பேஸ் என்னும் வாயில்

மைக்கின் மெலிந்த மின்னோட்டத்தைப் பெருக்குவதும், அதனை எண்களாக மாற்றுவதும் ஆடியோ இன்டர்பேஸ் என்னும் சிறு பெட்டியின் பணி. கணினியோடு யுஎஸ்பி கம்பியால் இணைக்கப்படும் இது, ஒலி கணினிக்குள் நுழையும் வாயில் எனலாம்.

எண்களாக மாற்றுவது எங்ஙனம்? மின்னலையின் உயரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எழுதுவதுதான் அது. மனிதச் செவி ஏறத்தாழ வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அதிர்வைச் சிதையாமல் காக்க, அதன் எண்ணிக்கையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் என்னும் அறிஞர்களின் பெயரால் வழங்கும் கோட்பாடு. ஆகவேதான் 1982ஆம் ஆண்டில் வெளிவந்த குறுந்தட்டில் வினாடிக்கு 44,100 அளவீடுகள் அமைந்தன. ஒவ்வோர் அளவீட்டையும் எத்துணை நுட்பமாக எழுதுகிறோம் என்பதைக் குறிப்பது 'பிட்' எண்ணிக்கை. 16 பிட் எனில் 65,536 படிகள். 24 பிட் எனில் 1,67,77,216 படிகள். ஒரு பிட் கூடினால் மிக மெலிந்த ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையேயுள்ள எல்லை ஏறத்தாழ 6 டெசிபெல் விரிகிறது.

மாணவர்க்கு இதிலிருந்து கிடைக்கும் முடிவு யாது? 24 பிட், 48,000 அளவீடுகள் என்னும் அமைப்பு எல்லா வீட்டுப் பதிவுக்கும் போதும். 1,92,000 அளவீடுகள் என்று பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு கூடுதல் பொருளைத் தர வேண்டுவதில்லை. மாறாக, மைக் வாயில்கள் எத்தனை, பாண்டம் பவர் உண்டா, ஹெட்போனுக்குத் தனித் திருகு உண்டா என்னும் மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். ஒருவர் தனித்துப் பாடுவதற்கு ஒரு வாயில் போதும். குரலையும் மிருதங்கத்தையும் ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் பதிய இரண்டு வேண்டும். இன்டர்பேஸ் தேவையில்லாமல் நேரே கணினியில் செருகும் யுஎஸ்பி மைக்கும் உண்டு. தனிக்குரலுக்கு அது போதுமானதே. ஆனால் அத்தகைய மைக்குகள் இரண்டை ஒருங்கே இயக்குவது தொல்லை மிகுந்தது. ஆதலின் பிற்காலத்தில் பலரோடு சேர்ந்து பதிய எண்ணுவோர் இன்டர்பேஸையே நாடுவது நன்று.

ஹெட்போனைப் பொறுத்தவரை, காதை முழுதும் மூடும் வகையே பதிவுக்கு வேண்டும். திறந்த வகையில் சுருதிப்பெட்டியின் ஒலி வெளியே கசிந்து மைக்கில் புகும். கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன் பாட்டுக் கேட்க ஏற்றதாயினும், பதிவின்போது பயன்படாது. அதில் ஒலி பெரும்பாலும் பத்தில் ஒரு வினாடிக்கு மேல் தாமதித்தே செவியை அடைகிறது.

மென்பொருள்

மென்பொருளுக்காகத் தொடக்கத்தில் பணம் செலவிட வேண்டுவதேயில்லை. ஆடாசிட்டி என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதல் எல்லார்க்கும் விலையின்றிக் கிடைத்து வருகிறது. ஒரு குரலையோ உரையையோ பதிந்து, வேண்டாத பகுதியை வெட்டி ஒழுங்குசெய்ய அதுவே போதும். ஆப்பிள் கணினி உடையார்க்கு காரேஜ்பேண்ட் விலையின்றிக் கிடைக்கிறது. பல தடங்களைக் கையாள விழைவோர்க்கு அர்டோர், ரீப்பர் முதலியவை உண்டு. ஒவ்வொன்றையும் சில நாள் பழகிப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஒன்றைத் தேர்ந்து அதன் நெளிவுசுளிவுகளை முற்றக் கற்பதே நலம்.

நம் இசையைப் பதிவோர் இரண்டு செய்திகளில் விழிப்பாயிருத்தல் வேண்டும். முதலாவது, இரைச்சல் நீக்கும் வசதி. இடையறாது ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்னும் கணக்கின்மேல் இயங்குவது அது. தம்பூராவின் நாதமும் இடையறாது ஒலிப்பதன்றோ? ஆகவே அந்த நாதத்தையும் அரித்துத் தின்ன முற்படும். உரையாடலுக்கென அமைந்த கைப்பேசிச் செயலிகளில் இவ்வசதி நாம் கேளாமலே இயங்குவதுண்டு. பதிவுக்கு முன் அதனை அணைத்துவிட வேண்டும். இரண்டாவது, சுருதி திருத்தும் வசதி. அது மேலையிசையின் பன்னிரு தானங்களுள் அடுத்ததொன்றுக்குக் குரலை இழுத்துக் கட்டும் இயல்புடையது. சுரங்களுக்கிடையே ஊசலாடுவதே உயிராகவுள்ள கமகத்தை அது படிக்கட்டாக உடைத்துவிடும்.

பழுதும் காரணமும்

இனி, பழுதுகளைக் காண்போம். மருத்துவர் நோயின் குறியை முதலில் கேட்டறிவதுபோல், பழுதின் ஒலியை முதலில் கேட்டறிய வேண்டும்.

ஒலியே பதியவில்லை என்பது முதற்குறை. கண்டென்சர் மைக்காயின் பாண்டம் பவர் பொத்தான் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, மென்பொருள் நம் இன்டர்பேஸைத் தேர்ந்திருக்கிறதா, கணினியில் உடன் அமைந்த மைக்கைத் தேர்ந்திருக்கிறதா என்று நோக்க வேண்டும். இக்காலக் கணினிகள், மைக்கைப் பயன்படுத்த ஒவ்வொரு மென்பொருளுக்கும் நம் இசைவைக் கேட்கின்றன. அவ்விசைவு மறுக்கப்பட்டிருந்தாலும் ஒலி வராது.

'ம்ம்ம்' என்ற தொடர்ந்த முழக்கம் இரண்டாவது குறை. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் உடையது. அதன் சாயலே இம்முழக்கம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள். முழக்கம் நின்றுவிட்டால், அது மின்னிணைப்பின் வழியே வருவது உறுதி. வெவ்வேறு செருகுவாய்களில் இணைந்த கருவிகளின் எர்த் கம்பிகளுக்கிடையே சுற்றொன்று உண்டாகியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து இயக்கினால் பெரும்பாலும் தீரும். முழக்கத்தைப் போக்குவதற்காக எர்த் முனையை வெட்டிவிடுவார் சிலர். அஃது உயிருக்கே இறுதியாகக் கூடும், ஒருபோதும் செய்யலாகாது. மைக் கம்பியை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி இடுவதும் நன்று.

'ஸ்ஸ்' என்ற சீறல் மூன்றாவது. பதியும்போது ஒலியளவை மிகத் தாழ்த்தி வைத்துவிட்டுப் பின்னர் உயர்த்தினால் சீறலும் உடன் உயரும். ஒலியளவை மிக உயர்த்தினாலோ, அலையின் உச்சிகள் வெட்டுண்டு, கரகரப்பாகிவிடும். இதனைக் 'கிளிப்பிங்' என்பர். வெட்டுண்ட உச்சியை முழுதும் மீட்டுத் தரும் வழி இல்லை. ஆகவே, பாட்டில் மிக உரத்துப் பாடும் இடத்தை முதலில் பாடச் செய்து, அப்போது அளவுகாட்டி பூச்சியத்துக்குக் கீழே 12 முதல் 6 டெசிபெல்லுக்குள் நிற்குமாறு கெயின் திருகை அமைக்க வேண்டும். மெல்லிய பகுதியை வைத்து அளவை அமைத்துவிட்டுத் தாரஸ்தாயியில் வெட்டுண்டு வருந்துவது தொடக்கநிலையில் பெரிதும் நேரும் குறை.

தன் குரல் தனக்கே தாமதமாகக் கேட்பது நான்காவது. கணினி எண்களை ஒவ்வொன்றாக எடுக்காமல், கூடை கூடையாக அள்ளுகிறது. அக்கூடைக்குப் 'பஃபர்' என்று பெயர். வினாடிக்கு 48,000 அளவீடுகள் எனின், 1,024 அளவீடுகள் கொண்ட கூடை நிறைய வினாடியின் ஆயிரத்தில் 21 பங்கு ஆகிறது. அந்நேரத்தில் ஒலி காற்றிலே ஏறத்தாழ 7 மீட்டர் செல்லும். உள்ளே வர ஒன்று, வெளியே செல்ல ஒன்று என இரு கூடைகள் உள்ளமையால், மிருதங்கக்காரர் 14 மீட்டர் தள்ளி அமர்ந்து வாசித்தாற் போன்ற தடுமாற்றம் உண்டாகும். கூடையை 128 என்று சிறிதாக்கினால் தாமதம் எட்டில் ஒரு பங்காகும். ஆனால் கூடை சிறுத்தால் கணினி ஓயாது ஓட வேண்டும். அதனால் இயலாதபோது 'டிக், டிக்' என்று ஒலி அறுபடும். இதுவே ஐந்தாவது குறை. எனவே பதியும்போது சிறுகூடை, பின்னர் ஒலிகளைக் கலந்து ஒழுங்குசெய்யும்போது பெருங்கூடை என்பதே விதி. இன்டர்பேஸை ஆக்கியோர் வழங்கும் டிரைவரைப் பொருத்துவதும், பிற மென்பொருள்களை மூடிவைப்பதும் உதவும். பல இன்டர்பேஸ்களில், குரலைக் கணினிக்குள் விடாமல் நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் பொத்தானும் உண்டு. அதனை அழுத்தினால் இத்தாமதம் ஏறத்தாழ இல்லையாகிவிடும்.

பதிந்த பாட்டு விரைவாகவும் சுருதி உயர்ந்தும் கேட்டால், 44,100 என்று பதிந்ததை 48,000 என்று எண்ணிக் கணினி இசைக்கிறது என அறிக. சுருதி ஏறத்தாழ ஒன்றரைத் தானம் உயர்ந்திருக்கும். எண்ணை ஒன்றுபடுத்தினால் குறை தீரும். இரண்டு மைக்குகளைச் சேர்த்தபின் குரல் மெலிந்து உள்ளீடற்று ஒலித்தால், ஒரே ஒலி இரு மைக்குகளையும் வெவ்வேறு நேரத்தில் அடைந்து, சில அதிர்வுகளை ஒன்றையொன்று அழிக்கின்றது என்பது பொருள். 34 சென்டிமீட்டர் வேறுபாடே வினாடிக்கு 500 அதிர்வுள்ள ஒலியை நலிவிக்கப் போதும். ஒவ்வொரு மைக்கும் தனக்குரிய கலைஞரிடமிருந்து உள்ள தூரத்தைப் போல் குறைந்தது மும்மடங்கு மற்ற மைக்கிலிருந்து விலகியிருக்குமாறு வைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

இக்குறிகளுள் எதிலும் அடங்காத பழுது நேர்ந்தால் என் செய்வது? அதற்கும் நெறி உண்டு. சங்கிலியை நடுவில் பிரித்துப் பாருங்கள். இன்டர்பேஸிலேயே ஹெட்போனைச் செருகி, மைக்கின் ஒலியை நேரே கேளுங்கள். அங்கே ஒலி தூய்மையாயின் பழுது கணினிப் பக்கம். அங்கேயே கெட்டிருப்பின் பழுது மைக், கம்பி, பெருக்கி என்னும் பக்கம். பின்னர் அப்பாதியையும் பாதியாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கம்பியையும் மைக்கையும் ஒருங்கே மாற்றினால், பழுது தீர்ந்தாலும் தீர்த்தது எதுவெனத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, ஏனையவற்றை நிலைநிறுத்தி ஆராய்வது போன்றதே இது. முதலில் ஐயுற வேண்டியது எளிய பொருளை. ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவியை நொந்துகொள்ளும் முன், அடிக்கடி மிதிபட்டு மடங்கும் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

காத்தலும் கடமையே

பதிவு முடிந்ததும் பணி முடிந்துவிடுவதில்லை. மூலப்பதிவை 'வேவ்' வடிவில் சேமிக்க வேண்டும். 'எம்பி3' என்பது செவிக்கு அவ்வளவாகப் புலப்படாதவற்றை நீக்கி அளவைச் சுருக்குவது. நீக்கியதை மீண்டும் பெற முடியாது. 24 பிட், 48,000 அளவீடுகள், இரு தடங்கள் எனின் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைட் ஆகும். ஒரு மணி நேரக் கச்சேரி ஒரு ஜிகாபைட் அளவில் அடங்கிவிடும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு இது பெருஞ்சுமையன்று. அன்றே ஒரு படியை வேறொரு கருவியிலும், மற்றொரு படியை வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைத்தல் வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டின் வகை ஆகியவற்றையும் உடன் எழுதிவைக்க வேண்டும். பெயரற்ற பதிவு, முகவரியற்ற கடிதம் போன்றது. பாடியவருடைய இசைவின்றி அதனைப் பிறர்க்கு வழங்கலாகாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கருவி வாங்கும் வரிசையையும் ஈண்டுத் தொகுத்துக் கூறலாம். முதலில் செலவின்றி அறையைச் செம்மை செய்க. கையிலுள்ள கைப்பேசியிலேயே பதிந்து, தூரத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகுக. அதன்பின் இரண்டு வாயிலுள்ள இன்டர்பேஸ் ஒன்றும், அறைக்கேற்ற மைக் ஒன்றும், காதை மூடும் ஹெட்போன் ஒன்றும், உறுதியான தாங்கி ஒன்றும், மிகுதியாக ஒரு கம்பியும் வாங்குக. இரண்டாவது மைக்கைப் பற்றி எண்ணுவது, முதல் மைக்கால் இயலாதது இன்னதென்று தெளிவாகச் சொல்ல முடிந்த பிறகே. ஆனால் முதிய குரல் ஒன்றைப் பதிய வேண்டியிருப்பின், இவை அனைத்தும் கைக்கு வரும்வரை காத்திருக்கலாகாது. அமைதியான அறையில், ஒரு சாண் தூரத்தில் வைத்த கைப்பேசி இன்று செய்யும் பதிவு, அடுத்த ஆண்டு வாங்கவிருக்கும் சிறந்த மைக்கினும் மேலானது.